சிறுநீரக மாற்றுக்கு முன்னால் அக்கித் தடுப்பூசி போடலாமா?

#1 கெடிலக்கரை (திருப்பாதிரிப்புலியூர்)

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு வயது 44. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸில் இருக்கிறார். அண்ணியின் சிறுநீரகம் பொருந்துகிறது என்று வந்துவிட்டது. அனுமதி வேலைகள் முடிந்தால் தை கடைசியிலோ மாசியிலோ ஆபரேஷன் இருக்கும் என்கிறார்கள்.

டயாலிசிஸில் அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் போன வருடம் மாற்று சிகிச்சை செய்துகொண்டார். சிறுநீரகம் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஏழாம் மாதம் வாக்கில் இடுப்பில் ஒரு பக்கமாக அக்கி வந்துவிட்டது. கொப்புளம் காய்ந்து உதிர்ந்த பிறகும் அந்த இடத்தில் துணி பட்டால் துடிக்கிறார். வேட்டியை இறுக்கிக் கட்ட முடியாமல் கையால் பிடித்துக்கொண்டே நடக்கிறார். அவரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அண்ணனுக்கு அதே கவலை.

டயாலிசிஸ் பிரிவில் ஒரு டாக்டர், மாற்றுக்கு முன்பே அக்கித் தடுப்பூசி போட்டுவிட்டால் நல்லது என்றார். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. பெரியப்பா, "உள்ளே தூங்குறதை ஏம்ப்பா தட்டி எழுப்புறீங்க" என்கிறார். மாமாவோ, அக்கியும் சின்னம்மைக் கிருமிதான், அம்மை ஊசி போட்டால் அம்மையே வந்துவிடும், கிட்னி போனவனுக்கு அது ஆகாது என்று அடித்துச் சொல்கிறார். இரண்டு டோஸ் போட வேண்டுமாம், இரண்டுக்கும் சேர்த்து இருபதாயிரத்துக்கு மேல் என்பதும் யோசிக்க வைக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 உப்பனாறு (கடலூர் முதுநகர்)

தம்பி, உங்கள் மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் மைத்துனருக்கு மாற்று சிகிச்சை நடந்து ஆறு வருடம் ஆகிறது. வீட்டுக்கு அனுப்பும்போதே, உயிருள்ள கிருமி வைத்த தடுப்பூசி எதையும் போடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அம்மை ஊசி அதில் ஒன்று.

இன்னொன்றும் யோசியுங்கள். தடுப்பூசி என்பது எதிர்ப்பு சக்தியைக் கிளப்பிவிடுவது. மாற்று சிறுநீரகத்துக்குக் கொடுக்கும் மாத்திரையெல்லாம் அதே எதிர்ப்பு சக்தியை அடக்குவதற்கு. ஒரு பக்கம் அடக்கி, இன்னொரு பக்கம் கிளப்பினால் உடம்பு புது சிறுநீரகத்தையே தள்ளிவிடாதா? அண்ணி கொடுக்கிற உறுப்பு அது. இருபதாயிரத்தை மாத்திரைச் செலவுக்கு எடுத்து வையுங்கள். அக்கி எல்லோருக்கும் வருவதில்லை.

#3 ஓய்வுபெற்ற_செவிலி (லாஸ்பேட்டை)

கெடிலக்கரை தம்பிக்கும் உப்பனாறு ஐயாவுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் வார்டில் இருந்தவள். அக்கியால் அழுத நோயாளிகளைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் பெரியப்பாவின் பயம். சின்னம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு அந்தக் கிருமி போய்விடுவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஆயுளுக்கும் தங்கிவிடுகிறது. அதை எழ விடாமல் அழுத்தி வைத்திருப்பவை நம் ரத்தத்தில் உள்ள டி செல்கள். மாற்று சிகிச்சைக்குப் பிறகு கொடுக்கும் டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், ஸ்டீராய்டு எல்லாம் அந்தச் செல்களைத்தான் கட்டிப்போடுகின்றன. அப்படிக் காவல் தளர்ந்ததும் கிருமி ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு தோலுக்கு வருகிறது. அக்கி உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டையாக வருவது அதனால்தான். ஆக, தூங்குவதைத் தட்டி எழுப்பப் போவது அந்த மாத்திரைகள். ஊசியின் வேலை, அதற்கு முன்பே காவலைப் பலப்படுத்துவது.

அடுத்தது உயிருள்ள கிருமி விஷயம். உப்பனாறு ஐயா சொன்ன எச்சரிக்கை சரியானது, ஆனால் அது வேறு ஊசிக்கு. அக்கிக்கு முதலில் வந்த தடுப்பூசி உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமியால் ஆனது. 2006இல் அமெரிக்காவில் வந்தது, 2020இல் அங்கே விற்பனையை நிறுத்திவிட்டார்கள். எதிர்ப்பு சக்தி குன்றியவர்களுக்கு அது கூடவே கூடாது. இப்போது இருப்பது ஷிங்ரிக்ஸ். இதில் கிருமியே இல்லை. அதன் மேலுறையில் இருக்கும் ஒரே ஒரு புரதத்தைத் தனியாகத் தயாரித்து, எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் துணைப்பொருளோடு சேர்த்திருக்கிறார்கள். இதைப் போட்டு யாருக்கும் அம்மையோ அக்கியோ வர வழியே கிடையாது. 2017இல் அமெரிக்காவில் 50 வயது தாண்டியவர்களுக்கு அனுமதித்தார்கள். 2021இல், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களானால் 18 வயதிலிருந்தே போடலாம் என்று விரித்தார்கள். நம் நாட்டில் 2023இல் விற்பனைக்கு வந்தது.

புது சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடுமா என்ற கேள்வியை மாற்று சிகிச்சை ஆனவர்களிடமே ஆராய்ந்திருக்கிறார்கள். 2020இல் வெளியான ஆய்வு, 264 பேர். தடுப்பூசி போட்டவர்களுக்கும் மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கும் நிராகரிப்பில் வித்தியாசம் தெரியவில்லை. மருந்து எடுத்துக்கொண்டிருந்தபோதும் ஐந்தில் நான்கு பேருக்கு நல்ல எதிர்ப்பு சக்தி உண்டானது.

அப்படியானால் மாற்று ஆன பிறகே போடலாமே என்று தோன்றும். போடலாம், ஆனால் அப்போது ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். முன்பே போட்டால் உடம்பு ஊசியை இன்னும் நன்றாக உள்வாங்கும். உங்கள் அண்ணனுக்குக் கையில் மாதங்கள் இருக்கின்றன. இப்படி முன்கூட்டியே நாள் தெரிவது எல்லா நோயாளிக்கும் வாய்ப்பதில்லை. தள்ளிப்போடாதீர்கள் தம்பி.

#4 உப்பனாறு

அம்மா, 264 பேர் என்பது சின்ன எண்ணிக்கை இல்லையா? அப்புறம், முன்பே போட்டுக்கொண்டால் அக்கி வரவே வராது என்று உறுதி கொடுக்க முடியுமா?

#5 ஓய்வுபெற்ற_செவிலி

முடியாது ஐயா. நல்ல உடல்நிலையில் உள்ள 50 வயது தாண்டியவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில் 97 சதவீதம் தடுத்தது. தன்னுடைய ஸ்டெம் செல்லையே திரும்ப ஏற்றிக்கொண்ட புற்றுநோயாளிகளிடம் பார்த்தபோது 68 சதவீதம்தான். உடம்பு எவ்வளவு தளர்ந்திருக்கிறதோ அவ்வளவு பலன் குறையும். முன்பே போடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவே காரணம். ஆனால் மூன்றில் இரண்டு பேரை இந்த வேதனையிலிருந்து காப்பது கூட, அந்த வேதனையைப் பார்த்த என் கண்ணுக்குச் சிறியதில்லை.

#6 மருந்துக்கடை_நெல்லிக்குப்பம்

நான் பார்மசி வைத்திருப்பவன். ஊசியைக் கையாளும் விதம் பற்றிச் சொல்கிறேன், அதில்தான் நிறைய குழப்பம்.

அட்டைப்பெட்டியில் இரண்டு சின்ன குப்பி இருக்கும். ஒன்றில் வெள்ளைப் பொடி, இன்னொன்றில் திரவம். போடுவதற்குச் சற்று முன்புதான் திரவத்தைப் பொடியில் செலுத்தி, மெதுவாகச் சுழற்றிக் கலக்க வேண்டும். கலந்ததை உடனே போட்டுவிட வேண்டும். பொடிக் குப்பியை மட்டும் போட்டோ, திரவத்தை மட்டும் போட்டோ பயனில்லை. போடுகிறவர் இரண்டையும் கலப்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு குப்பியும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. புதுச்சேரியில் வாங்கிக் கடலூருக்குப் பஸ்ஸில் கொண்டுவருவது இருபத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் சித்திரை வெயிலில் அரியாங்குப்பம் நெரிசலில் மாட்டினால் அதுவே ஒரு மணி நேரம். ஐஸ் பெட்டியில், ஐஸ் பொட்டலம் நேராக உரசாதபடி நடுவில் ஒரு துணி வைத்துக் கொண்டுவாருங்கள். வாங்கும் இடத்திலேயே போட்டுக்கொள்ள முடிந்தால் அது இன்னும் நல்லது. எல்லாக் கடையிலும் இருப்பு வைக்க மாட்டார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இரண்டாவது டோஸுக்கும் சேர்த்து.

விலை ஒரு டோஸ் பத்தாயிரத்தைச் சுற்றி வருகிறது. அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை. எனக்கு இதில் மனக்குறை உண்டு. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வீடு தேடி ஊசி போடும் ஊர் இது. உறுப்பு மாற்று செய்துகொள்ளும் ஏழைக்கு இந்த ஒரு ஊசியை இலவசமாகப் போட்டால் அரசு நொடித்துவிடாது.

அப்புறம் முக்கியமாக ஒன்று. டயாலிசிஸ் நோயாளிக்கு ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) வைத்த கையில் ஊசி போடக்கூடாது, மறு கையின் மேல்புறத் தசையில்தான் போட வேண்டும். டயாலிசிஸில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள் என்பதால், டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்துப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

#7 பலாச்சுளை (பண்ருட்டி)

இந்த இழையைப் பார்த்ததும் என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவருக்குச் சிறுநீரகப் பிரச்சினை இல்லை, முடக்குவாதம். முந்திரித் தோப்பில் வேலை செய்கிறவர், விரல் மடங்காமல் போய்விட்டது. மெத்தோட்ரெக்சேட் மருந்துக்கு வலி கேட்கவில்லை என்று டோஃபாசிட்டினிப் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வலி நன்றாகக் குறைந்தது, மறுபடி கொட்டை பொறுக்கப் போனார். அந்த வகை மாத்திரைகளில் அக்கி வரும் வாய்ப்பு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்த பக்கவிளைவாம். மாத்திரை தொடங்கும் முன் தடுப்பூசி பற்றி எங்களிடம் யாருமே ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களுக்கு ஆத்திரம் அதுதான். எந்த டாக்டர், எந்த ஊர் என்று இங்கே எழுத விரும்பவில்லை.

கொப்புளம் வருவதற்கு முன்பே இடது மார்பில் எரிச்சல், குத்தல். இதயமாக இருக்குமோ என்று ஈசிஜி எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு மார்பிலிருந்து முதுகு வரை சிவந்து, முத்து முத்தாகக் கொப்புளம். சொந்தக்காரர்கள் கூட்டிக்கொண்டு போய் அக்கி எழுதி (கொப்புளத்தைச் சுற்றிக் காவியால் படம் எழுதுவது) வந்தார்கள். எழுதிவிட்டால் ஊசி மருந்து ஆகாது, பத்தியம் இருக்க வேண்டும் என்று வேறு தடுத்தார்கள். டாக்டரிடம் போவதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. கொப்புளத்தில் சீழ் வைத்துவிட்டது. இப்போது தழும்பு மட்டும்தான் மிச்சம், ஆனால் ராத்திரியில் அந்த இடத்தில் மிளகாய்ப் பொடி தூவியது போல எரிகிறது என்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்.

அக்கி எழுதுவதை ஊரைவிட்டே ஒழிக்க வேண்டும் என்பேன் நான்.

#8 சுடுமண் (வில்லியனூர்)

பலாச்சுளை அக்காவுக்கு, உங்கள் அப்பா பட்டது பெரிய கஷ்டம். கோபம் புரிகிறது. நாங்கள் மண்பாண்டம் செய்கிற குடும்பம். என் தாத்தா அக்கி எழுதுவார். அதனால் இதை நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

செங்காவியைத் தண்ணீர் விட்டு இழைத்து, கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கம் ஒன்று எழுதுவார். காசு கேட்க மாட்டார், வெற்றிலை பாக்கு வைத்தால் சரி. எழுதும்போது வந்தவரிடம் பேசிக்கொண்டே இருப்பார். வலியில் துவண்டு வந்தவர்கள் கொஞ்சம் தெளிந்து போவார்கள். அந்த மண்ணின் குளிர்ச்சியும் அவர் பேச்சும் மனதுக்கு இதமாக இருந்திருக்கும். ஆரோக்கியமானவர்களுக்கு அக்கி இரண்டு, மூன்று, நான்கு வாரத்தில் தானாகவே ஆறிவிடும் என்பதால் எழுதியதால்தான் ஆறியது என்ற நம்பிக்கையும் நின்றுவிட்டது.

ஆனால் தாத்தா இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தார். உடைந்த கொப்புளத்தின் மேல் காவி படக்கூடாது. கண் பக்கம் வந்ததென்றால் எழுதவே மாட்டார், ஆஸ்பத்திரிக்குப் போ என்று திருப்பி அனுப்பிவிடுவார். இன்றைக்கு எங்கள் அப்பாவிடம் யாராவது வந்தால் முதலில் கேட்பது, சர்க்கரை இருக்கிறதா, புற்றுநோய்க்கோ கிட்னிக்கோ மருந்து சாப்பிடுகிறீர்களா என்பதைத்தான். ஆமாம் என்றால் டாக்டரைப் பார்த்து மருந்து தொடங்கிய சீட்டைக் காட்டச் சொல்கிறார். எழுதினால் மருந்து ஆகாது என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதே கிடையாது. யார் கிளப்பிவிட்ட பேச்சோ அது. வழக்கத்தை ஒழிப்பதைவிட, எழுதுகிறவர்களையே டாக்டரிடம் அனுப்பி வைக்கிறவர்களாக மாற்றுவது எளிது என்று நினைக்கிறேன். கிராமத்தில் அக்கி வந்தவர் முதலில் வந்து நிற்பது எங்கள் வாசலில்தான்.

#9 பலாச்சுளை

தம்பி, உங்கள் அப்பா மாதிரி எல்லோரும் கேட்டிருந்தால் எங்களுக்கு இந்த நிலை வந்திருக்காது. உங்கள் பதிலுக்கு நன்றி. அப்பாவுக்கு ஒருமுறை வந்துவிட்டதால் இனி ஊசி தேவையில்லையா? அதைக் கேட்கத்தான் வந்தேன்.

#10 ஓய்வுபெற்ற_செவிலி

தேவை. ஒருமுறை வந்தவருக்குத் திரும்ப வராது என்பது இல்லை. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரையிலேயே இருப்பவருக்கு மறுபடி வரலாம். புண் முழுவதும் ஆறிய பிறகு போடலாம். இருக்கிற எரிச்சலை இந்த ஊசி குறைக்காது, அதற்கு நரம்பு வலிக்கான தனி மருந்து உண்டு. வயதானவர் ராத்திரி உட்கார்ந்து கழிக்க வேண்டியதில்லை, கேட்டு வாங்குங்கள்.

சுடுமண் தம்பி சொன்ன கண் விஷயத்தை எல்லோரும் மனதில் வையுங்கள். நெற்றியிலோ இமையிலோ கொப்புளம் வந்தால், அதிலும் மூக்கு நுனியில் வந்தால், கண்ணுக்குள்ளும் போகும் அறிகுறி அது. மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்புக் கிளை. அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். கடலூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி போகும் வழியிலேயே தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. காதில் கொப்புளம் வந்து வாய் கோணினாலும் அதே அவசரம்தான்.

மற்றவர்களுக்கு: அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் மருந்துகள் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு 72 மணி தாண்டிவிட்டாலும் கொடுப்பார்கள், நேரமாகிவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். கொப்புளம் பட்டையாக நிற்காமல் உடம்பெல்லாம் சிதறி வந்தால் மாத்திரை போதாது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தக்குழாயில் மருந்து ஏற்ற வேண்டியிருக்கும்.

#11 மருந்துக்கடை_நெல்லிக்குப்பம்

செவிலி அம்மா சொன்னதோடு ஓர் எச்சரிக்கை. பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் காட்டி வாலாசைக்ளோவிர் கேட்டு வருகிறார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த மருந்து உடம்பில் தேங்கும். கிரியாட்டினின் (சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து அளவைக் குறைத்துத்தான் எழுத வேண்டும். டயாலிசிஸ் நோயாளி வழக்கமான அளவைச் சாப்பிட்டால் பேச்சுக் குழறி, ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவார். பக்கவாதமோ என்று வீடே பதறும். கடையில் நாங்கள் சீட்டில்லாமல் தர மறுத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கெடிலக்கரை சொன்னாரே, அந்தப் பக்கத்துக் கட்டில்காரருக்கு ஏழாம் மாதம் வந்தது என்று. மாற்று சிகிச்சைக்குப் பிறகு முதல் சில மாதம் பலருக்கு வால்கான்சிக்ளோவிர் கொடுப்பார்கள். அது சிஎம்வி என்ற வேறு கிருமிக்காக. ஆனால் அம்மைக் கிருமியையும் அடக்கிவைக்கும். மூன்று மாதத்திலோ ஆறு மாதத்திலோ அதை நிறுத்துவார்கள். நிறுத்திய பிறகு அக்கி தலைகாட்டுவது நடக்கிறதுதான். அந்த மாத்திரை நிற்கும்போது என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டு வைப்பது நல்லது. மஜ்ஜைப் புற்றுநோய்க்கு போர்டிசோமிப் ஊசி போடுகிறவர்களுக்கு அசைக்ளோவிரைச் சிறு அளவில் தினமும் கொடுத்தே வருவார்கள். அந்தச் சீட்டில் அந்த மாத்திரை இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

#12 நிர்வாகி

மருந்தின் அளவை யாரும் இங்கே கேட்கவோ எழுதவோ வேண்டாம். இதுவரை யாரும் எழுதவில்லை, நன்றி. தொடருங்கள்.

#13 குட்டிமா_அம்மா (முதலியார்பேட்டை)

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு ஏழு வயது, ரத்தப் புற்றுநோய்க்கு ஜிப்மரில் சிகிச்சை நடக்கிறது. இப்போது மாத்திரையில் இருக்கிறாள். பள்ளிக்கூடம் அனுப்பத் தொடங்கினோம். நேற்று அவள் வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று தெரிந்தது. அவளுக்கு இதுவரை அம்மை வந்ததில்லை. தம்பிக்கு மூன்று வயது, அவனுக்கும் வந்ததில்லை. மாமியாருக்கு முதுகில் அக்கி வந்து இப்போதுதான் காய்கிறது. அக்கியிலிருந்தும் பிள்ளைக்கு ஒட்டுமா? இந்த ஊசியை அவளுக்குப் போடலாமா?

#14 ஓய்வுபெற்ற_செவிலி

தாயி, இதைப் படித்த உடனே உங்கள் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போன் செய்யுங்கள். காலை வரை காத்திருக்க வேண்டாம். அம்மை வந்த பிள்ளையோடு ஒரே வகுப்பில் இருந்தாள், அம்மை வந்ததில்லை, என்றைக்குக் கடைசியாகச் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள், இந்த மூன்றையும் சொல்லுங்கள். தொற்றிய பத்து நாளுக்குள் அம்மைக்கான இம்யூனோகுளோபுலின் ஊசி, அதாவது தயாராக உள்ள எதிர்பொருள், போடலாம். அது கிடைக்காவிட்டால் வேறு இம்யூனோகுளோபுலினோ, குறிப்பிட்ட நாளிலிருந்து அசைக்ளோவிரோ கொடுப்பார்கள். எது என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். நாள் கணக்கு முக்கியம் என்பதால்தான் இப்போதே என்கிறேன்.

ஷிங்ரிக்ஸ் குழந்தைகளுக்கானது இல்லை. சின்னம்மை வராமல் தடுக்கும் ஊசியும் இல்லை. சின்னம்மைக்கு உள்ள தடுப்பூசி உயிருள்ள கிருமியால் ஆனது. சிகிச்சையில் இருக்கும் உங்கள் மகளுக்கு அதை இப்போது போடக்கூடாது. ஆனால் தம்பிக்குப் போடலாம், போடவும் வேண்டும். அவன் அம்மை வாங்கி வந்தால்தான் அவளுக்கு ஆபத்து. அரசுத் திட்டத்தில் அந்த ஊசி இல்லாததால் குழந்தைகள் மருத்துவரிடம் கேட்டுத் தனியாகப் போட வேண்டும். போட்ட பிறகு அவனுக்கு உடம்பில் தடிப்பு வந்தால் மட்டும், அது மறையும் வரை அக்காவிடமிருந்து தள்ளி வையுங்கள்.

மாமியார் விஷயம்: அக்கியிலிருந்து அக்கி ஒட்டாது. ஆனால் கொப்புளத்து நீர் பட்டால், அம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை வரும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குக் கட்டும் வரை மெல்லிய துணியால் மூடி வைக்கட்டும், துண்டு, படுக்கை தனியாக இருக்கட்டும். பேத்தியை மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். அவர்களுக்கும் வருத்தமாக இருக்கும்.

#15 குட்டிமா_அம்மா

போன் செய்துவிட்டேன் அம்மா. உடனே கூட்டி வரச் சொன்னார்கள். கிளம்புகிறோம்.

#16 பெயர்_வேண்டாம் (புதுச்சேரி)

நான் ஹெச்ஐவி மருந்து எடுப்பவன். 31 வயதில் எனக்கு அக்கி வந்தது. இந்த வயதில் ஏன் வந்தது என்று சந்தேகப்பட்ட ஒரு தோல் டாக்டர், யாருக்கும் கேட்காதபடி கதவைச் சாத்திவிட்டு, ஒரு ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று கேட்டார். அதில்தான் தெரிந்தது. இன்று உயிரோடு நன்றாக இருப்பதற்கு அந்த அக்கியும் அந்த டாக்டரும் காரணம்.

இளம் வயதில் அக்கி வந்தால் பரிசோதனைக்கு வெட்கப்படாதீர்கள். மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டுக் கிருமி அளவு அடங்கி, சிடி4 எண்ணிக்கை (எதிர்ப்பு சக்தி தரும் ரத்த அணுக்களின் கணக்கு) 200க்கு மேல் ஏறினாலே அக்கி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. தடுப்பூசியும் அந்த நிலையில் போட்டால்தான் நன்றாகப் பிடிக்கும் என்று எனக்குச் சொன்னார்கள். பணம் சேர்த்துப் போட்டுக்கொண்டேன். வேறு யாருக்காவது இது பயன்படும் என்றுதான் எழுதினேன்.

#17 உப்பனாறு

எல்லோர் எழுத்தையும் படித்தேன். மைத்துனரிடம் பேசினேன். அவரிடம் இருந்த சீட்டை எடுத்துப் பார்த்தோம். உயிருள்ள தடுப்பூசிகள் கூடாது என்று மட்டும்தான் இருக்கிறது, மற்றவற்றுக்குத் தடை எழுதவில்லை. ஆறு வருடம் ஆகிவிட்டவருக்கு இப்போது போடலாமா என்று அடுத்த முறை கேட்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இருபதாயிரம் என்பது எங்கள் பக்கம் படகில் போகிறவர்களுக்கு ஒரு மாதச் சாப்பாடு. பணம் இல்லாதவர்களுக்கு 72 மணி நேரம் என்ற அந்த விஷயமாவது போய்ச் சேர வேண்டும். எங்கள் தெருவில் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

#18 கெடிலக்கரை

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. சிறுநீரக மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம்.

அவர் முதலில் கேட்டது, அண்ணனுக்குச் சின்னம்மை வந்திருக்கிறதா என்று. எட்டாம் வகுப்பில் வந்து அரைப்பரீட்சை எழுதவில்லை என்று அம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இருந்தாலும் ரத்தத்தில் எதிர்பொருள் இருக்கிறதா என்று பார்த்தார்கள், இருக்கிறது. வந்தே இல்லை என்று தெரிந்திருந்தால் வேறு வழியாம். ஆபரேஷனுக்கு நான்கு வாரமாவது முன்பே சின்னம்மை ஊசியைப் போட்டு முடிக்க வேண்டும், பிறகு அதைப் போடவே முடியாது என்றார். இங்கே யாரும் தொடாத விஷயம் என்பதால் சொல்கிறேன். மாற்று சிகிச்சைக்குக் காத்திருக்கும் மற்றவர்களும் கேட்டு வையுங்கள்.

வழக்கமாக இரண்டு டோஸுக்கும் நடுவில் இரண்டு முதல் ஆறு மாதம் விடுவார்களாம். அண்ணன் மாதிரி ஆட்களுக்கு ஒன்று, இரண்டு மாதத்திலேயே இரண்டாவதைப் போடலாமாம். ஆபரேஷனுக்குள் இரண்டும் முடிந்துவிடும்படி தேதி எழுதிக் கொடுத்துவிட்டார். ஹெபடைடிஸ் பி ஊசி ஒரு டோஸ் பாக்கி இருந்தது. அதையும் அன்றைக்கே உடம்பில் வேறு இடத்தில் போட்டார்கள். ஃபிஸ்டுலா இடது கையில், அதனால் அக்கி ஊசியின் முதல் டோஸ் வலது தோளில். குப்பி இரண்டையும் கலந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அன்று ராத்திரி கை தூக்க முடியாத வலி, உடம்பு முறுக்கல், லேசான காய்ச்சல். மறுநாள் டயாலிசிஸுக்கு எப்போதும் போலப் போனார். இரண்டு, மூன்று நாளைத் தாண்டிக் காய்ச்சல் நின்றால் ஊசியால் வந்தது என்று நாமே முடிவு கட்டக்கூடாது, வந்து காட்டுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார், டயாலிசிஸ் நோயாளிக்கு வேறு தொற்றும் வரலாம் என்பதால்.

பணம் அண்ணியின் அண்ணன் கொடுத்தார். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை, ஆனால் ஊசி போட்ட அன்று கூடவே வந்தார்.

குட்டிமா அம்மா, பிள்ளை எப்படி இருக்கிறாள்?

#19 குட்டிமா_அம்மா

அன்றைக்கே இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டுவிட்டார்கள் தம்பி. ஊசி போட்டதால் கிருமி தாமதமாகவும் வெளிவரலாம், 28 நாள் வரை தினமும் உடம்பைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். இதுவரை ஒன்றும் இல்லை. மகனுக்கும் சின்னம்மைத் தடுப்பூசி போட்டாயிற்று. மாமியாருக்குப் பொருக்கு உதிர்ந்துவிட்டது.

#20 மருந்துக்கடை_நெல்லிக்குப்பம்

கெடிலக்கரை, இரண்டாவது டோஸுக்கு இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள், தேதிக்கு முந்தின நாள் கேட்டால் கிடைக்காமல் போகலாம். அதிகமாகத் தாமதமானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்டதைப் போட்டால் போதும். ஆனால் உங்களுக்கு ஆபரேஷன் தேதி இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் சரக்கு வருவது தாமதமாகும், மார்கழிக்குள் வாங்கிப் போட்டுவிடுங்கள்.